அண்ணரின் மூன்று குளங்கள்

அண்ணர் அவர்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம். ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய எல்லோருக்கும் வணக்கம். வந்ததற்கு நன்றி. நன்றியை முதலே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்த பிறகு உங்களில் சிலபேர் என்னோடு கதைக்க மாட்டீர்கள்.

நான் அண்ணரின் ஒரே தங்கச்சி. ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுதிப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் எழுதுகிற ஆள் என் கணவர். போன வருடம் செத்தவீட்டில் பேசினவரும் அவர்தான். "தொழிலிலே சில தவறுகளை விட்டிருந்தாலும் உள்ளத்தால் உயர்ந்தவர்" என்று சொன்னார். நல்ல குரல். மண்டபத்தில் எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். எழும்பிக் கத்த வேண்டும் போல் இருந்தது. செத்தவீட்டில் கத்தினால் அழுகிறாள் என்றுதான் நினைப்பார்கள். அதனால் இருந்துவிட்டேன்.

அண்ணர் தொழிலில் தவறு விடவில்லை. அவர் பொய்க்காரரும் இல்லை. அதை எழுதத்தான் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

அண்ணர் பிறந்தது வன்னியில், ஒரு குளத்துக்குக் கீழே. அப்பா வயல் செய்தார். வயல் வேலை இல்லாத மாதங்களில் குளத்தில் வலை போட்டார். அண்ணருக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது அப்பா பாம்பு கடித்து இறந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் அண்ணர் வலையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அம்மாவும் நானும் அதில்தான் சாப்பிட்டோம். நான் ஏழாம் வகுப்பு வரை போனதும் அதில்தான்.

அந்தக் குளக்கட்டில் அரசாங்கம் நட்ட பலகை ஒன்று நின்றது. மூன்று மொழியிலும் குளத்தின் பெயர் இருக்கும். இங்கிலீஷில் பெயருக்குப் பின்னால் 'டாங்க்' என்று இருக்கும். இலங்கையில் குளத்துக்கு இங்கிலீஷ் அதுதான். எந்தக் குளத்துக்குப் போனாலும் பலகையில் அப்படித்தான் இருக்கும். நியூசிலாந்தில் டாங்க் என்றால் தண்ணீர்த் தாங்கி. குளத்துக்கு அந்தச் சொல் இல்லை. எனக்கு இது பிறகுதான் தெரியும். தெரிந்துகொண்ட விதத்தைக் கீழே எழுதுகிறேன்.

எனக்குக் கல்யாணம் பேசினதும் அண்ணர்தான். மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் கிளார்க், படித்த மாப்பிள்ளை, யாழ்ப்பாணத்து ஆள். "என்ர தங்கச்சிக்குப் படிப்பில்லை. படிச்ச ஆள்தான் வேணும்" என்று அண்ணர் ஒற்றைக் காலில் நின்றார். தன் கல்யாணத்தை எட்டு வருடம் பின்னுக்குப் போட்டார். பிறகு சண்டை. இடம்பெயர்ந்தோம். எத்தனை தரம் என்று எண்ணவில்லை. அம்மா இடையில் போய்விட்டார்.

என் கணவர் முதலில் ஆக்லாந்து வந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். பிறகு அண்ணரையும் மச்சாளையும் அவர்களுடைய மகளையும் கூப்பிட்டதும் அவர்தான். பேப்பர் வேலை முழுவதும் அவர் செய்தார். அதை நான் மறைக்கவில்லை. செய்ததைச் செய்தார் என்றுதான் எழுதுவேன். எல்லாவற்றுக்கும் அப்படித்தான்.

மவுண்ட் வெல்லிங்டனில் ஒரே தெருவில் இரண்டு வீடு. அண்ணர் ஈஸ்ட் டாமாக்கியில் மீன் போடுகிற வெள்ளைப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். பெட்டி வாங்க ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வருவார். நகரத்துக்கு வெளியே, க்ளீவ்டன் பக்கம், ஒரு பெரிய கொட்டகைக்குள் எட்டுத் தாங்கியில் பேர்ச் மீன் வளர்த்தவர். பேர்ச் இந்த நாட்டு மீன் இல்லை. ஆற்றுக்குள் போனால் மற்ற மீனைத் தின்று முடித்துவிடும். அதனால் கண்டபடி வளர்க்க விடமாட்டார்கள். கிழவருக்குப் பழைய அனுமதி ஒன்று இருந்தது. முழங்கால் ஏலாமல் போய், தொழிலை விடப் போகிறேன் என்றார். அண்ணர் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தார். தாங்கிக்குள் கையை விட்டு ஒன்றைத் தூக்கினார். முதுகுச் செட்டை முள் கையில் குத்தி இரத்தம் வந்தது.

"எங்கட குளத்துப் பனையேறி மீனுக்குச் சொந்தக்காரன் போல" என்றார். "கையைக் குடுத்த உடன கடிக்கிறான்."

அன்றே முடிவெடுத்துவிட்டார். கொட்டகை வாடகைக்கு. அனுமதி அண்ணரின் பெயருக்கு மாறியது. அந்தப் படிவத்தையும் என் கணவர்தான் நிரப்பினார். அது சரியாக நடந்தது.

நாங்கள் மூன்றுபேர் வேலை செய்தோம். அண்ணர், மச்சாள், நான். பேர்ச் சொந்தப் பிள்ளையையே தின்னும். கொஞ்சம் பெரியது கொஞ்சம் சின்னதை விழுங்கும். அதனால் இரண்டு கிழமைக்கு, அதாவது பதினான்கு நாளுக்கு, ஒரு தரம் எல்லாவற்றையும் வலையால் அள்ளி, பெரியது சின்னது என்று பிரித்துப் போட வேண்டும். முட்டை போடுகிற காலத்தில் பைன் மரக்கிளை வெட்டித் தண்ணீருக்குள் கட்டித் தொங்கவிடுவோம். முட்டை சரம் சரமாக வரும். தொடுத்த மாலை போல் கிளையில் சுற்றிக் கிடக்கும். அதைப் பிய்க்காமல் எடுத்து வேறு தாங்கியில் விடுவது மச்சாளின் வேலை. எங்கள் இரண்டுபேரின் உள்ளங்கையிலும் முள் குத்திய புள்ளி இன்னும் இருக்கிறது. வந்து பார்க்கலாம்.

மீனை வாங்கியவர்கள் அதிகம் ஐரோப்பாப் பக்கத்து ஆட்கள். சீனச் சாப்பாட்டுக் கடை இரண்டு. எங்கள் ஆட்கள் குறைவு. கடல் மீன் தின்று வளர்ந்த வாய்க்குக் குளத்து மீன் பிடிக்காது. அது பரவாயில்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. கோயில் மடைப்பள்ளியில் ஒரு அக்கா கேட்டார்.

"தங்கச்சி, உங்கட மீன் சேறு மணக்குமாமே?"

"நீங்கள் ஒரு நாளும் வாங்கேல்லையே அக்கா. எப்பிடி மணந்தது?"

"சொல்லினம்."

"சொன்ன வாய் மணந்திருக்கும்."

அண்ணருக்கு இதைச் சொன்னேன். "சண்டை பிடியாதை பிள்ளை, நாளைக்கு வாங்குவினம்" என்று சிரித்தார். அண்ணர் யாரையும் எதிர்த்துக் கதைத்ததை நான் கண்டதில்லை. அது அவருடைய குணம். அந்தக் குணத்தைத்தான் எல்லோரும் ஏறி மிதித்தீர்கள்.

நாலு வருடத்தில் எட்டுத் தாங்கியும் போதாமல் போனது. கொட்டகைக்குப் பின்னால் காணி கிடந்தது. அங்கே மூன்று குளம் வெட்ட அண்ணர் ஆசைப்பட்டார். அதற்கு வேறாக அனுமதி கேட்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக் குசினி மேசையில் இருந்தார்கள். என் கணவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பேனையைத் திறந்தார். நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றேன். அங்கே நடந்த கதையைச் சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன்.

"சொல்லும் மச்சான். என்ன எழுத?"

"மூண்டு குளம் வெட்டப் போறன் எண்டு எழுதுங்கோ."

என் கணவர் எழுதினார். வாசித்துக் காட்டினார். "டாங்க், மூன்று."

அண்ணர் யோசித்தார். "டாங்க் எண்டா தாங்கியெல்லோ மச்சான்? உள்ளுக்க நிக்கிற எட்டையும் முந்தி டாங்க் எண்டுதானே எழுதினனீங்கள்."

"தாங்கியும் டாங்க். குளமும் டாங்க்."

"ரெண்டும் ஒண்டெண்டா அவங்களுக்கு எப்பிடி விளங்கும்?"

"உங்கட குளக்கட்டில பலகையில என்ன எழுதிக் கிடந்தது?"

"டாங்க் எண்டு."

"அதை எழுதினது ஆர்?"

"கவுண்மேந்து."

"பிறகென்ன? பதினெட்டு வருசம் கச்சேரியில இங்கிலீஷில கடிதம் எழுதினவன் நான். நீர் மீனைப் பாரும். இங்கிலீஷை நான் பாக்கிறன்."

அண்ணர் சிரித்தார். "பிள்ளை, மச்சானுக்கு இன்னொரு தேத்தண்ணி குடு. மூளை சூடாகிட்டுது."

நான் குடுத்தேன். படிவத்தில் படம் கீறவும் ஒரு இடம் இருந்ததாம். "பழைய படத்தையே வைச்சு விடுவம்" என்று என் கணவர் சொன்னார். அது கொட்டகையின் படம். அதையே வைத்து அனுப்பினார்.

அனுமதிக் கடிதம் வந்தது. இரண்டு பக்கம். என் கணவர் முதல் பக்கத்தை வாசித்தார். "எல்லாம் ஓகே. வெட்டும்" என்றார். மூன்று தாங்கியும் கொட்டகைக்குள், கூரைக்குக் கீழே என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அதை அவர் திருப்பவில்லை.

குளம் வெட்டினோம். அண்ணர் சும்மா பள்ளம் தோண்டவில்லை. சுற்றிவர நெஞ்சளவு அணை கட்டினார். அடியில் கறுப்புத் தாள் விரித்தார். தண்ணீர் வெளியே போகிற குழாய்க்கு இரண்டு அடுக்கு வலை. பறவை தூக்கிக்கொண்டு போகாமல் மேலேயும் வலை. ஒரு மீன் வெளியே போனதில்லை. பெருமழை பெய்த வருடத்தில் அயலில் வேலிகள் மிதந்தன. அண்ணரின் அணை வழியவில்லை. இரண்டு வருடம் நல்ல மீன் எடுத்தோம். குளத்து மீனின் செட்டை தாங்கி மீனைவிடச் சிவப்பு.

பிறகு அனுமதி தந்த அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பார்க்க வந்தார். ரப்பர் சப்பாத்து போட்டிருந்தார். மரியாதையான ஆள். அவரில் எனக்குக் கோபம் இல்லை. கொட்டகையைப் பார்த்தார். பின்னால் போனார். அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். ஏதோ கேட்டார். அண்ணருக்கு விளங்கவில்லை. என் கணவரை ஃபோனில் கூப்பிட்டோம். வந்தார்.

அந்தப் பெண் படிவத்தைக் காட்டிக் கேட்டார். என் கணவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். இங்கிலீஷில் ஒரு வசனம் சொன்னார். சொல்லும்போது தாடையால் அண்ணரைக் காட்டினார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தாடை தெரியும்.

அன்றைக்கு அண்ணரின் மகளும் வந்திருந்தாள். அப்போது யூனியில் படித்தாள். திரும்பி வரும்போது காரில் கேட்டேன்.

"மாமா என்னடி சொன்னவர்?"

"மாமா செட், ஹி ஜஸ்ட் ரோட் வாட் அப்பா டோல்ட் ஹிம்."

"தமிழில சொல்லு."

"அப்பா சொன்னதைத்தான் தான் எழுதினதாம். அப்பா டாங்க் எண்டு சொன்னவராம்." பிறகு அவளே சொன்னாள். "பட் மாமி, டாங்க் எண்டா உள்ளுக்க இருக்கிறது. வெளிய இருக்கிறது பாண்ட். எவ்ரிபடி நோஸ் தட்."

அவளுக்குத் தெரிந்தது. ஏழாம் வகுப்புப் படிக்காத அண்ணருக்கும் சந்தேகம் வந்தது. பதினெட்டு வருடம் கடிதம் எழுதினவருக்கு வரவில்லை.

பிழை விடுவது மனிதர் செய்வதுதான். இலங்கையில் அது சரியான சொல். நான் அதற்குக் கோபப்படவில்லை. அந்த இடத்தில் "நான்தான் எழுதினேன், எங்கள் நாட்டில் குளத்துக்கு இப்படித்தான் சொல்வது" என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை. ஏன் என்றும் எனக்குத் தெரியும். அவர் அப்போது மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். அடுத்த கிழமை முடிவு வர இருந்தது. ஒரு சொல்லைப் பிழையாக எழுதி ஒரு குடும்பத்தை மாட்டிவிட்டவரை யார் மொழிபெயர்ப்பாளராக எடுப்பார்கள்?

அண்ணரிடம் போய்க் கேட்டேன். "நீங்கள் ஏன் வாய் திறக்கேல்லை அண்ணை?"

"அந்தாள் வேலை எடுக்கட்டும் பிள்ளை. நான் மீன்காரன். என்ர பேர் கெட்டா மீனுக்குத் தெரியாது. உன்ர வீட்டுக்க சண்டை வேண்டாம்."

குளத்தை மட்டும் மூடச் சொல்வார்கள் என்று நினைத்தோம். கடிதம் வந்தது. அண்ணரின் மகள், என் மருமகள், வாசித்தாள். ஒரு சொல்லில் நின்றுவிட்டாள்.

"என்ன பிள்ளை?" என்று அண்ணர் கேட்டார்.

"ஃபால்ஸ் எண்டு போட்டிருக்கினம் அப்பா."

"அப்பிடியெண்டா?"

"பொய்."

அண்ணர் பொய்த் தகவல் கொடுத்துவிட்டார் என்று எழுதியிருந்தார்கள். அதனால் குளம் மட்டுமில்லை, தாங்கிக்கும் அனுமதி இல்லை. எல்லா மீனையும் அழிக்க வேண்டும். விற்கவும் கூடாது. விளக்கம் இருந்தால் மூன்று கிழமைக்குள் எழுதலாம் என்று கடைசியில் இருந்தது.

அண்ணர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதே மேசை. வாழ்க்கையில் அவர் யாரிடமும் கேட்டவரில்லை. அன்றைக்குக் கேட்டார்.

"மச்சான், ஒரு கடிதம் எழுதுங்கோ. எங்கட நாட்டில குளத்துக்கு டாங்க் எண்டுதான் சொல்லுறது எண்டு. அது காணும். உங்கட பேரும் போட வேண்டாம்."

என் கணவர் யன்னலைப் பார்த்தார். "இப்ப எழுதினா நான் அண்டைக்குச் சொன்னது பொய்யாப் போகும், மச்சான்."

அண்ணர் தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுபோய்க் கழுவி வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

நான் அந்தக் குசினியில்தான் நின்றேன். ஒரு சொல் சொல்லவில்லை. அது என்னுடைய பிழை. அதையும் எழுதிவிட்டேன்.

மீனை அழித்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் குழாயில் வலை கட்டிக் குளத்தை வற்ற விட்டார்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் அண்ணர் தானே இறங்கினார். நாங்களும் இறங்கினோம். வலையால் அள்ளி அள்ளிப் பெரிய பெட்டிகளில் போட்டோம். பெட்டிக்குள் ஐஸ் தண்ணீரும் மருந்தும். மீன் கொஞ்சம் துடித்தது. பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துவிட்டது. அண்ணர் அன்றைக்கும் பெரியது ஒரு பெட்டி, சின்னது ஒரு பெட்டி என்று பிரித்துப் போட்டார். மச்சாள் சொன்னார், "எல்லாம் குழிக்குத்தானே, ஏன் பிரிக்கிறீங்கள்?" அண்ணர் நிமிர்ந்து பார்த்தார். பிரித்துக்கொண்டே இருந்தார்.

என் கணவர் அன்றைக்கு வரவில்லை. அவருக்குப் புது வேலையில் பயிற்சி.

பிறகு நீங்கள் தொடங்கினீர்கள். "வெள்ளைக்காரனையே ஏமாத்திச் சுழிச்சவராம்." "தாங்கி எண்டு எழுதிப்போட்டுக் குளம் வெட்டினவராம், கெட்டிக்காரன்தான்." கோயிலில், மண்டபத்தில், பிறந்தநாள் வீட்டில். அண்ணர் கதிரை அடுக்கிக்கொண்டு நிற்பார். அவருடைய காதில் விழும்படி சொல்வீர்கள். ஒரு தம்பி மேடையில் பகிடி விட்டார். படிவம் நிரப்பும்போது எங்கள் மீன்கார அண்ணையிடம் கேட்கக் கூடாது என்று. சனம் சிரித்தது. என் கணவர் முன்வரிசையில் இருந்தார். அவரும் சிரித்தார். பல் தெரியவில்லை. ஆனால் சிரித்தார்.

என் கணவர் வேலையை நன்றாகச் செய்தார். உங்களில் பலருக்கு ஆஸ்பத்திரியிலும் நீதிமன்றத்திலும் கதைத்தவர் அவர்தான். மற்றவர்களுக்கு நேர்மையாகக் கதைத்தார். அதுவும் உண்மை. அந்த வேலை எந்தக் குளத்தின்மேல் நின்றது என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

அண்ணர் பென்ரோஸில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினார். ஆறு வருடம். மீனைப் பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை. எங்கள் வீட்டுப் பொங்கலுக்கு ஒவ்வொரு வருடமும் வந்தார். என் கணவரோடு சேர்ந்து சாப்பிட்டார். யாருடைய வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் போனார். அவரைச் சுழிகாரன் என்று சொன்னவர்களின் வீட்டுக்கும் போனார். நான் போயிருக்க மாட்டேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் வயிற்றில் நோ என்றார். கணையத்தில் புற்றுநோய். டாக்டர்கள் நாலு மாதம் சொன்னார்கள். மூன்றரை மாதம் இருந்தார். சொந்தக்காரர் மொழிபெயர்க்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் வேறு ஒருவரை அனுப்பினார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளை. சின்ன வயது. டாக்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்டார்.

"நெஞ்சுக்குக் கீழ நோ" என்றார் அண்ணர்.

அந்தப் பிள்ளை டாக்டரைப் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். "ஐயா, மன்னிச்சுக்கோங்க. நோன்னா வலின்னு சொல்றீங்களா, இல்ல அங்க ஒண்ணும் இல்லன்னு இங்கிலீஷ்ல சொல்றீங்களா? நான் தப்பா சொல்லிடக் கூடாது."

"வலிதான் பிள்ளை."

"சரிங்கய்யா. இப்ப சொல்றேன்."

அண்ணர் என் பக்கம் திரும்பினார். "கேட்டியே? ஒரு சொல்லுக்குத் திருப்பிக் கேக்கிறா."

அவ்வளவுதான் சொன்னார். ஆறு வருடத்தில் அது ஒன்றுதான். நான் வெளியே போய் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். சுவரை உதைத்தேன். பெருவிரல் நகம் போனது.

திரும்பி வந்து கேட்டேன். "அண்ணை, நான் சொல்லட்டோ?"

"நான் இருக்கேக்க வேண்டாம்."

"பிறகு?"

"பிறகு உன்ர விருப்பம். எனக்கென்ன, காது கேக்கவோ போகுது?" சிரித்தார். சிரித்தால் நோகும். சிரித்தார்.

பன்னிரண்டு நாளில் போய்விட்டார். மச்சாளும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு செத்தவீடு. "சில தவறுகளை விட்டிருந்தாலும்."

இந்தக் கட்டுரையைக் கொப்பியில் பென்சிலால் எழுதினேன். நம் ஆட்களின் மலர் எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் அடித்துக் கொடுப்பவர் என் கணவர். அதனால் அவரிடம்தான் கொப்பியைக் கொடுத்தேன். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது மலரில போடுற விசயமோ?"

"ஓம்."

"சனம் என்ன சொல்லும்?"

"அண்ணரைப் பற்றி ஆறு வருசம் சொன்னதுகள். இனி உங்களைப் பற்றிச் சொல்லட்டும்."

"எனக்கு எழுபத்தொரு வயசு."

"அண்ணருக்கு அறுபத்துநாலு."

"வேற ஆரிட்டயும் குடுத்து அடிப்பியுமன்."

"நீங்கள்தான் அடிக்க வேணும். அண்டைக்கு அவர் சொன்னதை மாத்தி எழுதினீங்கள். இண்டைக்கு நான் எழுதினதை மாத்தாமல் அடியுங்கோ."

மூன்று நாள் எடுத்தார். என் எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். அதற்கு விட்டேன். ஓரிடத்தில் 'பொய்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'தவறான புரிதல்' என்று போட்டிருந்தார். மருமகளை வைத்து வரி வரியாக ஒப்புப் பார்த்தேன். பிடிபட்டது. திரும்பவும் பொய் என்று போட வைத்தேன். தன் பக்கத்து நியாயத்தை ஒரு முழுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். அடியில் சேர்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வாயால் சொல்லுங்கள் என்றேன். எனக்கில்லை, எனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு.

எனக்குக் கோபம் தீரவில்லை. நாற்பத்திரண்டு வருடம் அவரோடு வாழ்ந்தேன். இனியும் வாழ்வேன். சமைத்துக் கொடுப்பேன். கோபமும் இருக்கும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அண்ணரைக் கடைசிவரை தூக்கிக் குளிக்கவார்த்த மச்சாளுக்கு. இரண்டு வேலைக்கு நடுவில் ஓடி ஓடி வந்த மருமகளுக்கு. கொட்டகை வாடகையை நாங்கள் போகும்போது வாங்க மறுத்த கிழவருக்கு. அவரும் இப்போது இல்லை. ஒரு சொல்லுக்குத் திருப்பிக் கேட்ட அந்தத் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு. பென்ரோஸில் அண்ணரோடு வேலை செய்த சமோவாப் பெடியள் செத்தவீட்டில் வரிசையாக நின்று பாடினார்கள். சொல் விளங்கவில்லை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் பொய் கலக்காமல் கேட்டது அது ஒன்றுதான். அவர்களுக்கு நன்றி. குழாய் திருத்த அண்ணரைக் கூப்பிட்டுவிட்டு, அவர் போன பிறகு கதவுக்குப் பின்னால் சிரித்தவர்களுக்கு நன்றி இல்லை. சாப்பாடு இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

மற்றதை என்னிடம் கேட்க வேண்டாம். மண்டப வாசலில் இந்த மலரை உங்கள் ஒவ்வொருவரின் கையிலும் தந்தவர் என் கணவர். நான்தான் அவரை அங்கே நிற்கச் சொன்னேன். எல்லோரும் போய் முடியும்வரை நிற்பார்.